பதிவு நிறுவனத்துக்கு, கூரையில் ஏறுவது யார்? திருகோணமலையில் சோலார் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்த்தவுடன் நிம்மதியாகிவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை சோலார் சேவை வழங்குநர்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு நிறுவனத்துக்கு உரியது. கொழும்பில் கையெழுத்தான வேலை நிலாவெளிக்கோ மூதூருக்கோ வந்து சேர்வதற்குள் உப ஒப்பந்தக்காரர் கைக்கு மாறிவிடலாம். அவர் அழைத்து வரும் இளைஞர்களுக்கு வயரிங் தெரியுமா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. அவுஸ்திரேலியாவில் அரசின் சலுகை வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற ஆளே வேலைத்தலத்தில் நிற்க வேண்டும். தொடக்கத்தில், நடுவில், சோதனை முடியும்போது என மூன்று கட்டங்களில் அவர் அங்கே நின்றதற்குப் படம் எடுத்து ஆதாரம் தர வேண்டும். நாம் இங்கே அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். யார் வருகிறார், மின்னியலாளருக்கான தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் (NVQ) அவரிடம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் நிறுவனத்தை விட்டுவிடலாம்.

பனலுக்கு உள்ள சான்றிதழைப் பொருத்துபவரின் தகுதியாக எண்ணுவது அடுத்த தவறு. ஐ.ஈ.சி. 61215, 61730 ஆகிய சர்வதேசத் தரங்கள் பனலைப் பற்றியவை. உப்புவெளி, குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றுச் சோதனையான 61701ஐயும் கேட்க வேண்டும். ஆனால் நல்ல பனலை அலுமினியச் சட்டத்தில் ஏற்றிச் சாதாரண இரும்பு நட்டால் முடுக்கினால், கடற்காற்று அந்த நட்டைத் தின்றுவிடும். அதைவிட மோசமானது, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதென்று வெவ்வேறு கம்பனிகளின் இணைப்பிகளைக் கோத்துவிடுவது. தொடுகை தளர்ந்து சூடேறி, பனலிலிருந்து வரும் நேரோட்டத்தில் (DC) தீப்பொறி கிளம்பினால் அது எளிதில் அணையாது. பயிற்சி பெற்றவர் இதைச் செய்யமாட்டார்.

காற்றையும் மறக்கக் கூடாது. 1964 டிசம்பர்ச் சூறாவளியை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2இல் புரெவிச் சூறாவளி கரையேறியதும் நம் கரையில்தான். அஸ்பெஸ்டாஸ் கூரையில் சட்டத்தைத் தகட்டோடு மட்டும் பூட்டிவிட்டுப் போனால், பலத்த காற்றில் தகடும் பனலும் சேர்ந்தே கிளம்பும். ஆணி கீழே எந்த மரத்தில் இறங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

மின் விநியோக நிறுவனத்தின் அனுமதிக்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பகுதி மின்மாற்றியில் புதிய சோலார் இணைப்பை ஏற்க இடமில்லை என்றால் காத்திருக்க நேரும்.

விற்க வருபவரை எடைபோட ஒரு கேள்வி போதும்: "கரண்ட் போனால் என்ன நடக்கும்?" பற்றரி இல்லாத, மின்தொகுதியோடு (பொது மின்வலையமைப்போடு) இணைந்த சாதாரண அமைப்பு அப்போது தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடு அது. "எல்லாம் எரியும்" என்று பதில் வந்தால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மறைக்கிறார். இரண்டுமே ஆபத்து.

நம் ஊர் மின்னியலாளர்களுக்கும் ஒன்று. பல வருட அனுபவம் இருக்கிறது, சான்றிதழ் எதற்கு என்று இருந்துவிடுவது தொழிலுக்கே பாதகம். கொந்தராத்து வெளியூர்க்காரருக்குப் போகும், நீங்கள் நாள்கூலிக்கு ஏறுவீர்கள். பழைய அனுபவத்தை மதிப்பிட்டே தகைமை வழங்கும் முறை உண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதை நடத்துகிறது. முழுநேர வகுப்புக்குப் போகத் தேவையில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் முன் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. ஆகவே செய்த வேலைகளின் படங்கள், எர்த் அளவு, காப்புத்தடை அளவு, திகதி, வாடிக்கையாளரின் கடிதம் ஆகியவற்றை இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.