பால்குடம் எடுக்கும் பிள்ளையை வேண்டுதலைக் காக்கப் பழக்குவது எப்படி?

தைப்பூசத்துக்கு மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்கிறேன் என்று பிள்ளை சொன்னால், முதலில் வேண்டுதலின் அளவைக் குறையுங்கள். ஏழெட்டு வயதுக்கு 48 நாள் விரதம் அதிகம். பத்து நாள் போதும். முழு மண்டலம் நீங்கள் இருங்கள். "நல்ல பிள்ளையாக இருப்பேன்" என்பது வேண்டுதல் ஆகாது. காத்தோமா இல்லையா என்று பிள்ளைக்கே தெரியாது. "பத்து நாள் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டேன், குளித்து விளக்கேற்றிய பிறகுதான் பசியாறுவேன்" என்று இருக்கட்டும். அதைத் தன் கையாலேயே எழுதிச் சாமி மேடையில் வைக்கட்டும்.

விரதம் பெரும்பாலும் தவறுவது பள்ளிக் கேண்டீனில்தான். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி இருக்கும், பெலாச்சான் என்ற இறால் விழுதும் இருக்கும். கோழித்துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பிள்ளை சாப்பிட்டுவிடும். அந்த நாள்களில் வீட்டிலிருந்தே கட்டிக் கொடுங்கள். தவறிப்போய்ச் சாப்பிட்டதாக வந்து சொன்னால் திட்டவே கூடாது. திட்டினால் அடுத்த முறை மறைக்கும். முதல் நாளிலிருந்து எண்ணவும் சொல்லாதீர்கள், இரண்டு முறை அப்படி ஆனால் மனம் விட்டுப்போகும். சாமியிடம் சொல்லிவிட்டு மறுநாள் தொடரட்டும்.

பத்துமலைக்கு 272 படி. அடுக்குமாடியில் ஒரு மாடிக்கு 17 படி என்றால் 16 மாடி ஏறிய கணக்கு. மூன்று வாரம் முன்பே வெறுங்கையோடு நாலு மாடியில் தொடங்கி, எட்டாக்கி, பிறகு சிறிய எவர்சில்வர் குடத்தில் அரை லிட்டர் தண்ணீரோடு ஏற விடுங்கள். குடத்தின் வாயைத் துணியால் கட்டினாலும் விளிம்புவரை ஊற்றினால் சிந்தும்; முக்கால் அளவு நிரம்பும் குடமாகப் பாருங்கள். பினாங்கு தண்ணீர்மலைக்கு 513 படி, பயிற்சியும் அதற்கேற்ப நீளவேண்டும்.

பெரியவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். ஆபரேஷன் நேரத்தில் வேண்டிக்கொள்வார்கள், வீடு திரும்பியதும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வீடு திரும்பிய வாரமே குடத்தை வாங்கிக் கண்ணில் படும்படி வையுங்கள். எந்தத் தைப்பூசம் என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு வெயில் ஏறினால் சிமெண்டு காலைச் சுடும், பாலும் திரியும். விடியுமுன்பே ஆற்றங்கரையில் குளித்து, பாலை அங்கேயே ஊற்றிக் கட்டுங்கள். படியில் பிள்ளை திணறினால் குடத்தைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். இடைத்தளத்தில் ஓரமாக நிறுத்தி, குடத்தின் அடியை மட்டும் தாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுங்கள். "போகலாமா?" என்று கேட்டுவிட்டு, அதுவாகப் பதில் சொல்லும்வரை நில்லுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் மட்டும் வீட்டார் ஒருவர் குடத்தை மேலே கொண்டு போகட்டும், பிள்ளையை உடனே முதலுதவிக்கு இறக்குங்கள்.