பிரேக் காலிப்பர் ஜாம்: கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும் நடக்கும் தவறுகள்

முன் சக்கரம் ஒன்று மட்டும் கொதிக்கிறது, கருகிய வாடை வருகிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. இதைச் சொன்னதும் பட்டறையில் பெரும்பாலும் வரும் பதில், "காலிப்பர் ஜாம், புதுசு போட்டுடலாம்." சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். அது சிக்கிக்கொண்டு பிடியை விடாமல் இருப்பது ஜாம். ஜாம் என்பது உண்மையாகவே இருக்கலாம். எது ஜாம் என்று பார்க்காமல் காலிப்பரை மாற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மாற்றிய பிறகும் சக்கரம் சுட்டால் அந்தப் பணம் முழுவதும் வீண்.

நம் ஊர்ச் சிறிய கார்களின் முன் சக்கரத்தில் பெரும்பாலும் நகரும் வகைக் காலிப்பர்தான் இருக்கிறது. ஒரே பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும். அதே அழுத்தத்தில் காலிப்பர் இரண்டு ஸ்லைட் பின்கள் (நகர உதவும் வழுவழுப்பான கம்பிகள்) மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடையும் டிஸ்க்கோடு சேர்க்கும். பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல்தான் மில்லிமீட்டரில் ஒரு பங்கு அளவுக்கு இழுக்கிறது. இவ்வளவு சிறிய அசைவைத் தடுக்கக் கொஞ்சம் துரு போதும், காய்ந்துபோன கிரீஸ் போதும். கடலோர ஊரில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியிலும், வெள்ள நீரில் நின்ற வண்டியிலும் இந்தக் கோளாறு அடிக்கடி வருவது அதனால்தான்.

ஆகவே முதலில் சோதனை. வண்டி ஆறட்டும். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பின் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ளே விடவே கூடாது. பிரேக்கைச் சில தடவை பலமாக மிதித்து விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மிதிக்காமலே சுற்றிப் பார்த்து "நல்லாத்தானே சுத்துது" என்று இறக்கிவிடுகிறார்கள். சில கோளாறுகள் மிதித்த பிறகுதான் தெரியும்.

சக்கரம் இறுகி நின்றால், பிளீடிங் நிப்பிளில் (காலிப்பரில் காற்றையும் ஆயிலையும் வெளியேற்றும் திருகு) ஒரு டியூபை மாட்டி, நுனியை பாட்டிலில் விட்டு, நிப்பிளைச் சிறிது இளக்குங்கள். பிரேக் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், காலிப்பர்மேல் குற்றமில்லை. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே தங்கியிருக்கிறது. காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸின் உட்சுவர் உரிந்து ஒருவழி வால்வு போல ஆகியிருக்கும். வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். நிப்பிளை இளக்கியும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைட் பின்னோ சிக்கியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரங்கள் ஒரே நேரத்தில் பிடித்தால் மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேடுங்கள். சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஸ்பேனர் எடுப்பவரிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

எந்தப் பக்கம் என்பதிலும் குழப்பம் உண்டு. சும்மா ஓடும்போதே வண்டி இடப்பக்கம் இழுத்தால், இடப்பக்க பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், வலப்பக்கக் காலிப்பர் வேலை செய்யாமல் நிற்கலாம். டிஸ்க்கை வெறும் கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், சூட்டோடு தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

கழற்றிய பிறகு நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பெட்ரோலிலும் டீசலிலும் பாகங்களைக் கழுவுவது. பிரேக் ரப்பர்களுக்குப் பெட்ரோலிய எண்ணெய் விஷம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் சீல் ஊதிப் பருத்துவிடும். சுத்தம் செய்த காலிப்பர் சில வாரங்களில் முன்பைவிட இறுக்கமாக ஜாம் ஆகும். கழுவப் பிரேக் கிளீனரோ பிரேக் ஆயிலோ, ஸ்லைட் பின்னுக்கு சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ், அவ்வளவுதான். அதையும் அப்பி நிரப்பினால் பின் உள்ளே போகாமல் திரும்பி வரும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல வண்டிகளில் ஒன்றல்ல. ஒன்றில் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாறினால் மறுபடியும் சிக்கும்.

பிஸ்டனை எமரி பேப்பரால் தேய்த்து மாட்டுவதும் சகஜம். இந்த வகையில் சீல் உட்கார்ந்திருப்பது காலிப்பரின் பள்ளத்தில். அது உரசுவது பிஸ்டனின் மேற்பரப்பில். முலாம் போன பிஸ்டன் மறுபடி துருப்பிடிக்கும், ஆயிலும் கசியும். குழி விழுந்திருந்தால் பிஸ்டனையே மாற்றுங்கள். பிஸ்டனில் தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட் கிழிந்திருக்க, அதை அப்படியே விட்டுவைத்தால் இந்த வேலை முழுவதும் திரும்ப வரும். பிஸ்டனை வெளியே எடுக்க கம்ப்ரஸர் காற்று அடிக்கும்போது முன்னால் விரல் இருக்கக் கூடாது.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பின் சக்கரக் காலிப்பரில் ஹேண்ட்பிரேக் சேர்ந்திருந்தால் கிளாம்ப் வைத்து நெரிக்காதீர்கள். பல மாடல்களில் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட வேண்டும்.

புதுக் காலிப்பர் மாட்டும்போது இடமும் வலமும் மாறிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கிவிடும், எவ்வளவு பிளீடிங் செய்தாலும் மிதி பஞ்சு மாதிரியே இருக்கும். பேடை இடது, வலது இரண்டு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்றுங்கள். கொதித்த பழைய ஆயிலையும் வெளியேற்றுங்கள். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கான அளவுகோல் 155 டிகிரிதான். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து வண்டியை நகர்த்தும் முன் மிதியை அடித்து அடித்து இறுக வையுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகளுக்கு பிரேக்கே இருக்காது. பட்டறை வாசலிலேயே எதிர்ச் சுவரில் மோதுவது இப்படித்தான்.