பேனா யார் கையில்? தனி ட்யூஷனில் இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் என்னிடம் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் நோட்டில் இருந்த கணக்கு இது: 3(ப − 2) − 2(ப − 5) = 7. புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும். நான் அடிக்கடி எழுத்தை மாற்றிப் போடச் சொல்வேன். எக்ஸ் போட்டால் ஒரு கணக்கு, வேறு எழுத்துப் போட்டால் வேறு கணக்கு என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவள் அடுத்த வரியில் 3ப − 6 − 2ப − 10 = 7 என்று எழுதினாள். அப்புறம் ப − 16 = 7. ப = 23. மற்றதெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. 10க்கு முன்னால் கூட்டல் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சரியான விடை 3.

நான் சிவப்புப் பேனாவால் குறியை மாற்றி, "மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ், மறக்காதே" என்றேன். தலையாட்டினாள். அடுத்த கணக்கிலும் அதே தவறு. அதற்கடுத்ததிலும் அதே. நாலாவது நாள்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது: "இந்த வரியை எப்படி எழுதினே? வாயால சொல்லிக்கிட்டே இன்னொரு தடவை எழுது."

"மைனஸ் ரெண்டை ப-வுக்குக் கொடுத்துட்டேன் மிஸ். அப்புறம் ஈரஞ்சு பத்து. அஞ்சுக்கு முன்னாடி ஏற்கெனவே மைனஸ் இருக்கு, அதை அப்படியே இறக்கிட்டேன்."

குறி விதி அவளுக்கு நன்றாகவே தெரியும். வெளியே நிற்கும் கழித்தல் குறி முதல் உறுப்போடு தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நாலு நாளாக நான் அவளுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுத்தை எடுத்துவிட்டு 20 − 2(8 − 5) என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் அடைப்புக்குள் இருப்பதை முடித்துவிட்டுப் போட்டாள்: 20 − 6, அதாவது 14. "இப்போ உன் முறையில அடைப்பை உடைச்சுப் போடு" என்றேன். 20 − 16 − 10. விடை −6. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே 10க்கு முன்னால் இருந்த குறியை அடித்து கூட்டலாக்கி, மறுபடி கூட்டிப் பார்த்தாள். 14 வந்தது.

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு இதற்கு நேரமே கிடைக்காது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டு உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் தனி ட்யூஷனின் பலம். அந்தப் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாம் வீணாக்குகிறோம்.

முதலில், பேனாவை நாம் பிடித்துக்கொள்வது. "இங்க பாரு" என்று நோட்டை நம் பக்கம் இழுத்து, மளமளவென்று ஐந்து மார்க் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். பிள்ளைக்குப் புரிந்த மாதிரி இருக்கும், நமக்கும் நிறைவாக இருக்கும். மறுநாள் அதே கணக்கை வெறும் தாளில் கொடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். இன்னொருவர் போடும் கணக்கைப் பின்தொடர்வது ஒரு வேலை, அடுத்த வரி என்ன என்று தானே முடிவெடுப்பது வேறு வேலை. பரீட்சையில் இரண்டாவதுதான் கேட்கப்படுகிறது. போட்டுக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் நோட்டில் வேறொரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். பிள்ளையின் நோட்டில் என் கையெழுத்து இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இதோடு சேர்ந்தது, அமைதியைப் பொறுக்க முடியாமல் இருப்பது. கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி போனதும் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளை பெரும்பாலும் மெதுவாக யோசிக்கும் பிள்ளை. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் இது இன்னும் கஷ்டம். பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று அவர்களுக்குப் பதறும்.

அடுத்தது, நாளைக்கு என்ன வீட்டுப்பாடமோ அங்கிருந்தே தொடங்குவது. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள் வரும்போது பல பிள்ளைகள் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி எது தெரிந்தாலும் அடித்துவிடும். (ப² + 9) என்பதை (ப + 3) ஆல் வகுக்கச் சொன்னால், ப² இல் ஒரு ப-வை அடித்து, 9ஐ 3 ஆல் அடித்து, ப + 3 என்று எழுதிவிடும். இதை பத்தாம் வகுப்புப் பாடமாக நினைத்துத் திருத்தினால் ஆயுசுக்கும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோளாறு பின்னத்தில் இருக்கிறது. (6 + 2)/2 என்று எழுதி, "இரண்டையும் இரண்டையும் அடிச்சிடலாமா?" என்று கேளுங்கள். அடித்தால் 6 மிஞ்சுமா, 7 மிஞ்சுமா என்பதிலேயே குழப்பம் வரும். உண்மையில் விடை 4. கூட்டலில் நிற்பதை அடிக்க முடியாது, பெருக்கலில் நிற்பதைத்தான் அடிக்கலாம் என்பது அந்த இடத்தில் பிடிபடும். முதல் இரண்டு மூன்று வகுப்புகளை ஆறாம், ஏழாம் வகுப்புப் பின்னங்களுக்கும் முழுக்களுக்கும் ஒதுக்கத் தயங்காதீர்கள். "பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் பின்னமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். பொறுமையாக விளக்குங்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். 3ப − 4 = 11 என்றால் 4 அந்தப் பக்கம் போய்க் கூட்டலாகிறது, 3ப = 15. இதுவரை சரி. ஆனால் அதே விதியை நம்பி அடுத்த வரியில் ப = 15 − 3 என்று எழுதும் பிள்ளையைத் தப்புச் சொல்ல முடியுமா? 3 இந்தப் பக்கம் கூட்டலாகத்தானே இருந்தது, போகும்போது குறி மாறியிருக்கிறது. இன்னொரு பிள்ளை 15ஐ −3 ஆல் வகுத்து −5 என்று எழுதும். இரண்டு பேரும் நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். எண்கள் பக்கம் தாண்டிப் போவதில்லை. இரண்டு பக்கமும் 4ஐக் கூட்டுகிறோம், பிறகு இரண்டு பக்கத்தையும் 3 ஆல் வகுக்கிறோம். அல்ஜிப்ரா என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் 'அல்-ஜபர்' என்ற சொல் இருக்கிறது. குறைவை நிரப்பிச் சீராக்குவது என்று பொருள். கழிந்து நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டி நிரப்பும் செயலை அந்தச் சொல் குறித்தது. ஒரு மாதமாவது பிள்ளையை இரண்டு பக்கமும் எழுத வைத்துவிட்டு, அப்புறம் குறுக்கு வழிக்கு விடலாம்.

சமக்குறியையே தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளும் உண்டு. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். 12 என்று சொன்னால், சமக்குறி என்பது 'விடை இங்கே எழுது' என்ற கட்டளையாகத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. அதைச் சரிசெய்யாமல் சமன்பாட்டுக்குள் போகவே வேண்டாம்.

முற்றொருமைகளை மனப்பாடம் செய்ய வைப்பதும் இந்த வகைதான். (அ + ப)² என்றால் அ² + ப² என்று எழுதும் பிள்ளையிடம் "நடுவில 2அப விட்டுட்டே" என்று நூறு முறை சொல்வதைவிட, கட்டம் போட்ட தாளில் பக்கம் 7 உள்ள சதுரம் வரையச் சொல்லுங்கள். பக்கத்தை 5, 2 என்று பிரித்துக் கோடு போடட்டும். 25 கட்டம் ஒரு மூலையில், 4 கட்டம் எதிர் மூலையில். மொத்தம் 49 இருக்க வேண்டும், 29தான் வந்திருக்கிறது. மீதி 20 எங்கே? பக்கவாட்டில் ஒரு பத்து, கீழே ஒரு பத்து. விட்டுப்போன 2அப அதுதான் என்று விரல் வைத்துக் காட்டும்.

ஒரே மாதிரிக் கணக்கைப் பத்துப் பதினைந்து போட வைப்பதைப் பயிற்சி என்று நினைக்கிறோம். நாலாவது கணக்குக்குமேல் பிள்ளை யோசிப்பதில்லை, மேலே இருப்பதைப் பார்த்து எண்ணை மட்டும் மாற்றுகிறது. காரணிப்படுத்தல் இரண்டு, சமன்பாடு இரண்டு, போன மாதத்து முழுக்கள் ஒன்று என்று கலந்து கொடுங்கள். எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். "மிஸ் பக்கத்துல இருந்தா வருது, பரீட்சையில வரமாட்டேங்குது" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. கடைசிப் பத்து நிமிடம் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இரண்டு கணக்கு, உதவி கிடையாது.

பெற்றோருக்கும் ஒரு விஷயம். 1984இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் புளூம் வெளியிட்ட கட்டுரை, தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரைவிட மேலே வந்தார் என்றது. தனி ட்யூஷன் என்றதும் பலர் இந்த எண்ணைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் சிறு தேர்வு வைத்து, பிழைகளைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போனார்கள் என்பதைச் சொல்வதில்லை. 2020இல் 96 சோதனை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இதைவிடச் சிறிதாகத்தான் வந்தது. நூறு பேரில் 50 பேரை முந்தி நின்றவர் ஏறத்தாழ 64 பேரை முந்தும் அளவு. அதுவே நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு யூனிட் டெஸ்டுக்குள் 35 மார்க் 90 ஆகிவிடாது. அது நடக்கவில்லை என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார், மிஸ் என்று ஆளை மாற்றினால், ஒவ்வொருவரும் பிள்ளையின் பிழைகளை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். "இன்னிக்கு எத்தனை கணக்கு முடிச்சே?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு எந்தக் கணக்கு தப்பாச்சு? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்று ஒரேயடியாக வைக்காமல், வாரத்தில் மூன்று நாள் ஐம்பது நிமிடம் வைத்தால் பிள்ளைக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

நன்றாக வரத் தொடங்கிய பிறகும் அதே மூன்று நாளைத் தொடர்வது கடைசித் தவறு. அடைப்புக்குறி, பின்னம், சமன்பாடு மூன்றிலும் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறது என்றால் இரண்டு நாளாக்குங்கள், அப்புறம் ஒரு நாள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இப்போது பத்தாவது. சனிக்கிழமை மட்டும் வருகிறாள், வாரம் முழுக்கத் தனக்கு நின்றுபோன கணக்குகளை ரஃப் நோட்டில் குறித்து எடுத்துக்கொண்டு.