பாட்டிக்கு என்ன வயது? இரண்டு காலக் காதல் நாவல் எழுத உட்காருமுன்

போர்க்காலத்தில் ஒரு காதல், இக்காலத்தில் ஒரு காதல், இரண்டையும் பின்னி ஒரு நாவல் எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: பாட்டிக்கு என்ன வயது? சிரிக்க வேண்டாம். என் முதல் வரைவில், 1943இல் பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தவர் 2022இல் மின்தூக்கி பழுதாகிவிட்டதென்று பேத்தியோடு பேசிக்கொண்டே ஏழு மாடி ஏறினார். எங்கள் எழுத்து வட்டத்தில் ஒரு அக்கா பென்சிலை எடுத்து, ஓரத்தில் கழித்துப் பார்த்து, 97 என்று எழுதி, கீழே "சபாஷ்" என்றும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே கதைக்கு முன்னால் கழித்தல் கணக்கு. அந்தக் காலத்துக் காதலி இந்தக் காலத்துப் பகுதியிலும் நடமாட வேண்டும், பொய் சொல்ல வேண்டும், பேத்தியின் காதலில் மூக்கை நுழைக்க வேண்டும் என்றால் "இன்று" என்பதைக் கொஞ்சம் பின்னால் தள்ளத்தான் வேண்டும். நான் 2003க்குப் போனேன். பாட்டிக்கு 78, தாராளமாக நடப்பார். போய்ச் சேர்ந்த பிறகுதான் சிங்கப்பூரில் அந்த வருடத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரிந்தது. மார்ச்சில் சார்ஸ் தொற்று. ஜூன் 20ஆம் தேதி வடகிழக்கு ரயில் பாதை திறப்பு. அப்புறம் பிடாடரி.

பிடாடரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பர் சிராங்கூன் சாலையை ஒட்டி இருந்த பெரிய இடுகாடு. மலாயில் அந்தச் சொல்லுக்குத் தேவலோகப் பெண் என்று பொருள், நம் வித்தியாதரிதான் கடல் தாண்டி வந்து பெயர் திரிந்திருக்கிறாள். 1942இல் பிடாடரியில் இந்தியப் போர்க்கைதிகளின் முகாம் இருந்தது. இந்திய தேசிய ராணுவத்துக்கு அடித்தளம் போட்ட தீர்மானத்துக்கே பிடாடரி தீர்மானம் என்றுதான் பெயர். 2001க்கும் 2006க்கும் இடையே அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள், இன்று அதே மண்ணில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் நிற்கின்றன. பக்கத்திலேயே உட்லீ நிலையம். ரயில் பாதை திறந்தபோதே நிலையத்தைக் கட்டி முடித்திருந்தும் 2011 ஜூனில்தான் கதவைத் திறந்தார்கள். எட்டு வருடம் ரயில் அந்த இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இதை நானாக யோசித்து எழுதியிருந்தால் "ரொம்ப ஜோடனை" என்று அந்த அக்காவே அடித்திருப்பார்.

உங்களுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும், இரண்டு காலமும் கால் வைக்கிற இடம். ஃபேரர் பார்க்கை எடுத்துக்கொள்ளலாம்; 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை அந்தத் திடலில் கூட்டித்தான் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டை எடுத்துக்கொள்ளலாம். 1943 அக்டோபரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையின் முகாம் அங்கே தொடங்கியது. ஓர் இடம் போதும். நான்கைந்து இடங்களைக் கதைக்குள் இழுத்தால் நாவல் சுற்றுலாப் பேருந்தாகிவிடும்.

அடுத்தது இணைப்பு. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தகரப்பெட்டியும் அதற்குள் ஒரு கட்டுக் கடிதமும். எனக்கும் அதுதான் தோன்றியது. கடிதத்தில் என்ன சிக்கல் என்றால், பேத்தி அதைப் படிப்பாள், அழுவாள், அதோடு சரி. பழைய காதல் இன்றைக்கு இருப்பவர்களிடம் ஒரு வேலை வாங்க வேண்டும், அந்த வேலைக்கு ஒரு கெடுவும் இருக்க வேண்டும். என் கதையில் கல்லறைகளைத் தோண்டப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வருகிறது, பாட்டி சோற்றைப் பிசைந்துகொண்டே "அங்க ஒருத்தர் இருக்காரு, நாமதான் எடுக்கணும்" என்கிறார். வீட்டில் யாருக்கும் அது யார் என்று தெரியாது. தாத்தாவின் படம் சுவரில் சந்தனப் பொட்டோடு தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வகை நாவலுக்கு ஒரு பரம்பரை வியாதி உண்டு: பழைய கதை புதிய கதையைத் தின்றுவிடும். அந்தப் பக்கம் குண்டு விழுகிறது, இந்தப் பக்கம் இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டு "நாம எங்க போய்க்கிட்டிருக்கோம்" என்று பேசுகிறார்கள், வாசகர் பக்கத்தைத் தள்ளிவிட்டு 1943க்கு ஓடிவிடுவார். இந்தக் காலத்துக் காதலுக்கும் நிஜமான இழப்பு பயம் வேண்டும். 2003இல் எனக்கு அது கையிலேயே கிடைத்தது. பேத்தி டான் டோக் செங் மருத்துவமனையில் தாதி, சார்ஸ் நோயாளிகளை அங்கேதான் கொண்டுவந்தார்கள். அவள் காதலனுக்குப் பத்து நாள் வீட்டுத் தனிமை. வீட்டில் கேமரா வைத்துவிட்டு, தொலைபேசியில் கூப்பிட்டு அதன் முன்னால் வந்து நிற்கச் சொல்வார்கள். பாட்டி பிரிந்திருந்தது எத்தனை வருடம், இது வெறும் பத்து நாள்தானே என்று ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடாதீர்கள். பாட்டியின் வாயிலும் அந்த வசனத்தை வைக்காதீர்கள், எல்லாப் பாட்டிகளும் அதைச் சொல்லியாயிற்று.

ஜப்பான்காரன் காலத்துக்கு வருவோம். மரவள்ளிக்கிழங்கும் ஜப்பானியர் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டும் எல்லோருடைய கதையிலும் வரும், உங்கள் கதையிலும் வரட்டும், ஆனால் அதோடு நிறுத்தினால் பள்ளிப் பாடநூல் மாதிரி இருக்கும். காதலர்களைத் தொடுகிற விவரம் எது என்று தேடுங்கள். நான் கண்டுபிடித்தது கடிகாரம். ஜப்பானியர் வந்ததும் சிங்கப்பூர் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்றரை மணி நேரம், முன்னால் தள்ளிவைத்தார்கள். அப்படியானால் சூரியன் மறைய எட்டு மணி ஆகும். இருட்டிய பிறகு சந்திக்கலாம் என்று ஏழு மணிக்கு வரச் சொன்னால் தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்கும், எதிரே பெரியப்பா வருவார். இந்த ஒரு விவரத்தில் எனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது.

இன்னொன்று தபால். ஊருக்கும் இங்கேயும் கடிதப் போக்குவரத்து அறுந்துபோன காலம் அது. பெண்டாட்டி பிள்ளைகளைத் தஞ்சாவூர்ப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள் மூன்றரை வருடம் செய்தியே இல்லாமல் கிடந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர் இங்கே ஒரு பெண்ணை நேசித்தால்? வில்லனே தேவையில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள், காதலனைக் கதையிலிருந்து அப்புறப்படுத்த வசதியாக இருக்கிறதென்று அங்கே அனுப்பிவைக்காதீர்கள். அனுப்பினால் கூடவே போங்கள், அந்த 415 கிலோமீட்டரையும் எழுதுங்கள். எனக்குத் தைரியம் இல்லை, என் ஆளை இங்கேயே காய்ச்சலில் சாகவிட்டேன்.

விவரங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். எழுத்து வடிவம் இருந்தாலும் காதால் கேளுங்கள், எந்த இடத்தில் பேச்சு தயங்குகிறது என்பது தாளில் தெரியாது. பழைய சிங்கப்பூர் நாளிதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழ் கிடைக்கும், செய்தியை விட விளம்பரங்கள்தான் எனக்கு அதிகம் உதவின. அத்தியாயங்களை ஒன்றுவிட்டு ஒன்று மாற்ற வேண்டும் என்று சட்டமில்லை, அழுத்தம் இருக்கிற பக்கம் இரண்டு மூன்று சேர்ந்தே ஓடட்டும்.

மொழியில்தான் நம்மிடம் ஒரு சொத்து இருக்கிறது. 1943இல் அவள் அவனை "நீங்க", "இங்க பாருங்க" என்பாள், பெயரைச் சொல்ல மாட்டாள். பேத்தியோ காதலனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் "டேய்". இந்த வித்தியாசத்தைப் பேச்சில் மட்டும் விட்டுவிடாமல் கதையின் ஆணியாகவே அடித்துவிடலாம். நான் போர்க்காலப் பகுதி முழுவதிலும் அவன் பெயரை எழுதவே இல்லை. "அவர்", "முகாம்காரர்", அவ்வளவுதான்.

எழுதும்போது வரிசையாகப் போகாதீர்கள், இரண்டு காலமும் முட்டுகிற காட்சியை முதலில் எழுதிவிடுங்கள். என்னுடையது ஓர் அலுவலகக் கவுன்டர். பேத்தி முகக்கவசத்தோடு பக்கத்தில் நிற்கிறாள். படிவத்தில் உறவு என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டு, இறந்தவர் பெயர் என்ன என்று அந்தச் சீன இளைஞர் கேட்கிறார். பாட்டி வாயைத் திறந்து மூடுகிறார். பிறகு பேனாவை வாங்கி, படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் எழுதுகிறார். இளைஞருக்குப் படிக்கத் தெரியவில்லை. பேத்தி எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகச் சொல்கிறாள்.