அவுட்ஃபீல்ட் இளசுகளை நம்பி ட்ரேட் போடும் முன்

'அவுட் ஆஃப் தி பார்க்' கணினி விளையாட்டில், கடைசி இடத்தில் கிடந்த ஒரு பேஸ்பால் அணியை எடுத்து நடத்தினேன். இருந்த ஒரே நட்சத்திரத்தைக் கொடுத்து, மைனர் லீக்கிலிருந்து (மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார் செய்யும் கீழ்நிலைப் போட்டிகள்) இரண்டு இளம் அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைப் பிடிப்பவர்கள்) வாங்கினேன். இரண்டே சீசனில் இருவரும் காலி. இப்போது எந்த ட்ரேடானாலும் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

படி 1: காலக் கணக்கு. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்குக்கு வந்த வீரர் ஏறக்குறைய 6 ஆண்டுகள் அணியின் கையில் இருப்பார். உங்கள் அணி ஜெயிக்கத் தயாராவதற்குள் அதில் பாதி போய்விடும் என்றால் வேண்டாம்.

படி 2: சென்டர் ஃபீல்டில், அதாவது வெளிப்பகுதியின் நடுவில், நிற்பாரா? ஸ்கவுட்டுகள் (வீரர்களைப் பார்த்து எடைபோடுபவர்கள்) 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 சராசரி. ஃபீல்டிங்குக்கு 50-க்குக் கீழே என்றால் லெஃப்ட் ஃபீல்டுக்குத் தள்ளப்படுவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிழைக்க இன்னும் நிறைய அடித்தாக வேண்டும்.

படி 3: ரன் குவித்தது எந்த ஊரில்? நான் சறுக்கியது இங்கேதான். பேட்டிங் சராசரியைப் பார்த்து (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு) மயங்கினேன், மைதானத்தைப் பார்க்கவில்லை. நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் மயாமி மார்லின்ஸ், கிறிஸ்டியன் யெலிச்சை மில்வாக்கி ப்ரூவர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த நால்வரில் லூயிஸ் ப்ரின்சன், மான்டி ஹாரிசன் இருவரும் அவுட்ஃபீல்டர்கள். ப்ரின்சன் 2017-ல் மைனர் லீக்கின் மேல்மட்டமான ட்ரிபிள் ஏ-வில் .331 சராசரியில் அடித்திருந்தார். அடித்தது கொலராடோ ஸ்பிரிங்ஸ் அணிக்காக. அந்த மைதானம் 6,500 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும், கர்வ்பால் (வளைந்து வரும்படி வீசப்படும் பந்து) ஒழுங்காக வளையாது. மேஜர் லீக்கில் அவர் 2018-ல் .199, அடுத்த ஆண்டு .173. யெலிச்சோ 2018-லேயே மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்). உயரம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சொந்த மைதானத்தில் எவ்வளவு, வெளியூரில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 4: ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலேயே அவுட் ஆவது. நூறு முறை ஆட வந்து முப்பதுக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவரை நான் தொடுவதில்லை. அதே ஹாரிசன் 2018-ல், ட்ரிபிள் ஏ-வுக்கு ஒரு படி கீழான டபுள் ஏ-வில் 215 முறை ஆனார்.

ட்ரேட் மதிப்பைக் கூட்டிக் கழித்துத் தரும் தளங்கள் எனக்குப் பிடிக்காது. ஆளுக்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் தெரியாமல் போகும். பேஸ்பால் புள்ளிவிவரத் தளமான ஃபேன்கிராஃப்ஸைப் பார்த்து ஒரு கூகுள் ஷீட்டில் நீங்களே நிரப்புங்கள். படிக்கு ஒரு நெடுவரிசை, போதும்.

பின்சேர்க்கை: "அப்போ ஜேம்ஸ் வுட்?" என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. வுட், 2022-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் தன் நட்சத்திரம் ஹுவான் சோட்டோவைக் கொடுத்தபோது பதிலுக்கு வந்த இளம் அவுட்ஃபீல்டர். 2025-ல் 221 ஸ்ட்ரைக் அவுட், கூடவே 31 ஹோம் ரன். அந்த அளவு பலம் இருந்தால் படி 4-ஐத் தளர்த்தலாம்.

இன்னொன்று: வாங்கிய பிறகுதான் தன் ஆளுக்கு 'ஆப்ஷன்' தீர்ந்தது தெரிந்ததாம் ஒரு வாசகருக்கு. வழக்கமாக மூன்று சீசன்தான் வீரரை மைனருக்கும் மேஜருக்கும் இஷ்டம்போல மாற்ற முடியும். அப்புறம் கீழே அனுப்ப நினைத்தால் மற்ற அணிகள் அள்ளிக்கொண்டு போகலாம். இதற்கும் ஷீட்டில் ஒரு நெடுவரிசை போட்டுவிட்டேன்.