ஊர்ச் சங்கம் இரண்டாகாமல் இருக்க யாப்பில் (சங்க விதிகளில்) என்ன எழுத வேண்டும்?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் ஊரவரின் நலன்புரிச் சங்கம் இரண்டாகிவிட்டால், "பெரிசானால் உடையும்தானே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது சரியல்ல. அடுத்த முறையும் தனக்கு இடமில்லை என்று இரண்டாம் வரிசைக்காரருக்கு உறுதியாகும் நாளில்தான் உடைவு தொடங்குகிறது. 1946இல் உருவான ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு 1951இல் பண்டாரநாயக்க வெளியேறியதற்கு, தலைமை தன்னிடம் வராது என்று கண்டுகொண்டதும் முக்கிய காரணம். 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற அதே கட்சி, தலைமைப் போட்டியில் பிளந்தபின் 2020இல் ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தோடு நின்றது.

ஆகவே தோற்றவருக்கும் இடம் கிடைக்கும்படி தேர்தலை அமையுங்கள். நிர்வாகசபைக்கு 9 பேர் என்றால், ஒருவர் 5 பேருக்கு மட்டுமே வாக்களிக்கலாம் என்று எழுதுங்கள். 60 பேர் ஒரு பக்கம், 40 பேர் மறுபக்கம் என்றாலும், பெரிய பக்கம் ஒரே 5 பேருக்கு வாக்களித்தால் சிறிய பக்கத்துக்கு 4 இடம் வரும். ஒன்பதுக்கும் வாக்களிக்க விட்டால் அவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் ஒரே பதவியில் தொடர்ந்து 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. போசகருக்கு (சங்கத்தின் கௌரவப் புரவலருக்கு) வாக்குரிமை வேண்டாம்.

கூடுதலாகச் சண்டை வருவது உறுப்பினர் பட்டியலில். கூட்டத்துக்கு முதல்நாள் ஒருவரே நாற்பது பேருக்குச் சந்தா கட்டுவார். பட்டியலை 30 நாளுக்கு முன்பே மூடி, 21 நாளுக்கு முன் அறிவித்தலோடு எல்லாருக்கும் அனுப்புங்கள். நிறைவெண்ணை (கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை) "உறுப்பினரில் மூன்றிலொரு பங்கு" என்று வைக்காதீர்கள். ஆயுள் உறுப்பினர் பலர் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறார்கள், கூட்டமே நடக்காது. 25 பேர் என்று வையுங்கள். சேராவிட்டால் 7 நாள் கழித்து அதே இடம், அதே நேரம், வந்தவர்களே போதும்.

கூட்டக் குறிப்பைத் தனித்தாளில் எழுத வேண்டாம். சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டைக் கொப்பி) ஒன்றுக்கு முதலே பக்க இலக்கம் போட்டு, தெரிவானவர்களின் பெயர்களைச் சபையில் வாசித்து, மண்டபத்தை விட்டு எழும்பும் முன் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட வேண்டும். காசோலையில் ஒப்பமிடுவோரை மாற்ற வங்கி கேட்பது இந்தப் பக்கத்தின் பிரதியைத்தான். இரண்டு பக்கமும் இரண்டு குறிப்போடு போய் நின்றால் கணக்கு முடங்கும், மாணவர் உதவிப்பணமும் அதோடு நிற்கும்.

கலைப்பு விதியையும் இன்றே, எல்லாரும் நட்பாக இருக்கும்போதே எழுதுங்கள்: மிஞ்சும் பணம் ஊர்ப் பாடசாலைக்கு, எந்தப் பக்கத்துக்கும் அல்ல.