ராணுவ சிமுலேஷன் கேமில் ரைஃபிள் தோட்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கோப், கைப்பிடி, சைலன்சர் என்று அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துப் பொருத்துவோம். தோட்டா என்று வரும்போது பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவோம். எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ், ஆர்மா 3 மாதிரி கேம்களில் தோற்பதற்கு இது ஒன்றே போதும். எதிரி உடம்பில் என்ன மாட்டியிருக்கிறான், எவ்வளவு தூரத்தில் நிற்பான் என்ற இரண்டையும் யோசித்த பிறகுதான் மேகசினில் (தோட்டா நிரப்பும் பெட்டியில்) கை வைக்க வேண்டும்.

முதல் தவறு, டேமேஜ் எண்ணை மட்டும் பார்ப்பது. டார்கோவில் மார்புக்கு 85 உயிர்ப் புள்ளி, தலைக்கு 35, உடல் முழுக்கச் சேர்த்து 440. ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள) தோட்டாவின் டேமேஜைப் பார்த்தால் மார்பில் இரண்டு சுட்டால் ஆள் காலி என்றுதான் தோன்றும். அந்தக் கணக்கு ஆர்மர் (கவசம்) இல்லாத உடம்புக்கு. நல்ல தகடு போட்டவன் மேல் பட்டால் தோட்டா அங்கேயே நின்றுவிடும். அவன் திரும்பி நம்மைச் சுட நேரம் கிடைத்துவிடும். ஆர்மர் 1 முதல் 6 வரை வகுப்பாக இருக்கிறது. தோட்டாவின் பெனிட்ரேஷன் (துளைக்கும் சக்தி) எண்ணைப் பத்தால் வகுத்தால் எந்த வகுப்பை ஓரளவு நம்பித் துளைக்கலாம் என்று தோராயமாகத் தெரியும்: 40 என்றால் நாலாம் வகுப்பு.

அதற்காக எப்போதும் ஆர்மர் துளைக்கும் தோட்டாதான் என்று பிடிவாதம் பிடிப்பதும் தப்பு. அந்த வகையில் சதைக்கான டேமேஜ் பெரும்பாலும் குறைவு. துளைக்கும் சக்தி போதாத தோட்டாதான் கையில் இருக்கிறதா? கிட்டத்தில் மோதும்போது காலைப் பார்த்துச் சுடுங்கள். மார்புத் தகடு காலை மூடாது.

அடுத்தது 7.62 (மில்லிமீட்டரில் தோட்டாவின் விட்டம்) குழப்பம். ஒருமுறை மெஷின் கன் வைத்திருந்த நண்பன், "டேய், 7.62 இருந்தா போடுடா" என்றான். நானும் ஏகே மேகசின் நாலைக் கழற்றிப் போட்டேன். ஒன்றுகூட அவனுக்கு உதவவில்லை. 7.62×39, 7.62×51, 7.62×54ஆர் மூன்றும் வேறு வேறு தோட்டா. ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. முழு அளவையும் சொல்லிக் கேட்பதுதான் பழக்கமாக வேண்டும். எடையையும் மறக்காதீர்கள். 7.62×51 ஒன்று, 5.56 இரண்டின் எடை இருக்கும். ஸ்டாமினா (களைப்பு) கணக்கு உள்ள கேமில் மலை ஏறும்போது அது தெரியும்.

அதிகம் பேர் ஏமாறுவது சப்சோனிக், அதாவது ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவில். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், சாதாரண 5.56 தோட்டா 900 மீட்டரை ஒட்டிப் போகும். சைலன்சர் துப்பாக்கி வாயின் சத்தத்தைத்தான் அடக்கும், தோட்டா காற்றைக் கிழிக்கும் அந்தப் 'பட்' சத்தம் அப்படியே இருக்கும். அதையும் அடக்கத்தான் சப்சோனிக். ஆனால் 300 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா 100 மீட்டர் தாண்ட மூன்றில் ஒரு நொடி எடுக்கும். அதற்குள் 54 சென்டிமீட்டர் விழுந்துவிடும். 900 மீட்டர் வேகத் தோட்டா அதே தூரத்தில் விழுவது 6 சென்டிமீட்டர்தான். வேகமான தோட்டாவுக்கு 100 மீட்டரில் ஜீரோ செய்த (குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்த) ஸ்கோப்பை அப்படியே வைத்துத் தலையைக் குறிவைத்தால், குண்டு கிட்டத்தட்ட அரை மீட்டர் கீழே வயிற்றுப் பக்கம் போகும். தோட்டா மாற்றினால் ஜீரோவையும் மாற்றுங்கள். இல்லையென்றால் சப்சோனிக்கை அறைக்குள் சண்டை போடும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரேசர் (பறக்கும்போது ஒளிரும் தோட்டா) பற்றிச் சுருக்கமாக. குண்டு எங்கே போகிறது என்று நமக்குக் காட்டும் அதே வெளிச்சம், நாம் எங்கே இருக்கிறோம் என்று எதிரிக்கும் காட்டும். ஒளிந்து சுடுகிறவருக்கு அது ஆகாது. ஆனால் டார்கோவில் மேகசினைக் கலந்து நிரப்பலாம். கடைசியாக வைத்த தோட்டாதான் முதலில் வெளியே வரும். அதனால் முதலில் மூன்று டிரேசர், அதற்கு மேல் 27 சாதாரணத் தோட்டா என்று 30-ஐ நிரப்புங்கள். சண்டை நடுவே கோடு மின்னினால் மேகசின் முடியப்போகிறது, மறைவுக்குப் போய் ரீலோட் செய்ய வேண்டும் என்று அர்த்தம். எனக்கு இது பல தடவை உயிர் கொடுத்திருக்கிறது.

எப்போதோ சேமித்து வைத்த தோட்டா அட்டவணையை நம்பாதீர்கள். ஒரு பேட்ச் (கேம் அப்டேட்) வந்தால் எண்கள் மாறும். ஆர்மாவில் ஏஸ் என்ற மாட் (கேமோடு கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) போட்டால் காற்று, வெப்பநிலை எல்லாம் கணக்கில் சேரும். ஆஃப்லைனில் ஒரு சுவரிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு, ஒரே புள்ளியைக் குறிவைத்து இரண்டு வகைத் தோட்டாவிலும் ஐந்தைந்து சுடுங்கள். பிறகு நடந்து போய் இரண்டு கூட்டம் ஓட்டைகளுக்கும் நடுவே எத்தனை சாண் இடைவெளி என்று பாருங்கள்.